புதுப்பிப்பு: ஹைதராபாத் டேட்டாபேஸ் எழுந்துவிட்டது, சென்னைக்குத் திரும்புவதுதான் பாடாகிவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சென்னையில் மூன்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர், ஹைதராபாத்தில் இரண்டு, எல்லாம் பட்ரோனியின் (எது முதன்மை சர்வர் என்பதைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) கையில், ஆனால் சென்னை மொத்தமாகப் படுத்தால் ஹைதராபாத் ஏன் பொறுப்பேற்கவில்லை என்று. நீங்கள் சொன்னதுதான் காரணம். எது முதன்மை என்ற பதிவைப் பெரும்பான்மை ஒப்புதலோடு வைத்திருக்கும் எட்சிடி மூன்றில் இரண்டு சென்னையில் இருந்தன. மிஞ்சிய ஒன்றுக்குப் பெரும்பான்மை ஏது?

இப்போது ஊருக்கு ஊர் தனி எட்சிடி, ஹைதராபாத் ஸ்டாண்ட்பை கிளஸ்டர், அதாவது சென்னையின் தரவை நகலெடுத்துக்கொண்டு காத்திருக்கும் தொகுப்பு. சனிக்கிழமை இரவு சென்னையின் நெட்வொர்க்கை அடைத்து ஒத்திகை பார்த்தோம். ஸ்டாண்ட்பை பகுதியை உள்ளமைவிலிருந்து நீக்கியதும் டேட்டாபேஸ் 4 நிமிடத்தில் தயார், ஆனால் ஆப்கள் இன்னும் சென்னைக் கதவையே தட்டிக்கொண்டிருந்தன, ஏனென்றால் டிஎன்எஸ் டிடிஎல் (பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 3600 விநாடி. அதை 60 ஆக்கிவிட்டோம்.

அப்புறம் சென்னைக்குத் திரும்புவதுதான் பெரிய வேலை. பிரதியெடுப்பு அசின்க் (நகல் போய்ச் சேரும்வரை காத்திருக்காதது) என்பதால் சென்னையில் கடைசியாக எழுதிய சில வரிகள் ஹைதராபாத்துக்குப் போய்ச் சேரவில்லை, இரண்டும் வெவ்வேறு டைம்லைனில் (எழுத்து வரலாற்றில்) பிரிந்துவிட்டன. பிரிந்த சர்வரை மீண்டும் ஒத்திசைக்கும் பிஜி_ரீவைண்ட் ஓடவே மறுத்தது: அதற்கு இரண்டில் ஒரு அமைப்பாவது வேண்டும், ஆனால் செக்சம் இல்லை, வால்_லாக்_ஹின்ட்ஸும் ஆஃப். சென்னையின் பழைய டேட்டா டைரக்டரியை நகலெடுத்து வைத்துவிட்டு (தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள், விட்டுப்போன வரிகள் அதில் மட்டும்தான் இருக்கும்) பேஸ்பேக்கப்பை (டேட்டாபேஸின் முழு நகலை) முதலிலிருந்து எடுத்தோம், விடிந்துவிட்டது.

தானாக மாறும்படி வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பேன். இணைப்பு மட்டும் அறுந்தால் இரண்டு ஊரும் எழுத ஆரம்பித்துவிடும். அந்த முடிவை ஆள்தான் எடுக்க வேண்டும்.