கொரோரின்பா: பலகை 90 பாகை திரும்பும் கட்டங்களில் போளை விழுவது ஏன்?

வெள்ளவத்தை_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நின்டெண்டோ வீ கொன்சோலில் கொரோரின்பா ஆடுகிறேன், றிமோட்டைச் சாய்த்துப் பலகையைச் சாய்த்துப் போளையை உருட்டும் விளையாட்டு அது. ஐரோப்பியப் பதிப்பு, மஞ்சள் வெள்ளை சிவப்பு வயரில் எல்சிடி ரிவிக்குப் போகிறது. மூன்று பிரச்சினை.
ஒன்று, றிமோட்டை நேராகப் பிடித்தாலும் போளை மெதுவாக வலப்பக்கம் உருளுது. இரண்டு, கை அசைத்துக் கொஞ்சம் பிந்தித்தான் பலகை சாயுது. மூன்றாவதுதான் பெரியது. பலகையை 90 பாகை திருப்பிச் சுவரைத் தரையாக்க வேண்டிய இடங்களில் பத்துக்கு எட்டுத் தரம் போளை துள்ளி வெளியே விழுது. சென்சர் பாரை ரிவிக்கு மேலே வைத்தும் கீழே வைத்தும் பார்த்தாச்சு, வித்தியாசம் இல்லை.
இன்னொன்று: இதன் இரண்டாம் பாகத்தோடு யப்பானிலிருந்து வந்த பாவித்த வீ ஒன்று விலைக்கு வருது. எடுக்கலாமா?

நீர்மட்டம்:
சென்சர் பாரை மறந்துவிடுங்கள், தம்பி. அது திரையில் சுட்டிக் காட்டுவதற்கு மட்டும். சாய்வை அளப்பது றிமோட்டுக்குள் இருக்கும் மூன்று அச்சு ஆர்முடுகல்மானி, அதாவது மூன்று திசையிலும் ஆர்முடுகலை (வேகம் மாறும் வீதத்தை) அளக்கும் சில்லு. அதன் குணம் விளங்கினால் உங்கள் மூன்றாவது பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

அந்த மானிக்குச் சாய்வு என்று தனியாக ஒன்று தெரியாது. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் சாய்வு கணிக்கப்படுகிறது. கையை வெடுக்கென்று அசைத்தால் அந்த அசைவின் ஆர்முடுகலும் புவியீர்ப்போடு சேர்ந்து பதிவாகும். நீங்கள் 10 பாகைதான் சாய்த்திருப்பீர்கள், கருவி அதைவிடக் கூடுதலாக வாசிக்கும். பலகை ஒரு கணம் பாய்ந்து திரும்பும், போளை எகிறும். 2006இல் வந்த றிமோட்டில் சுழற்சியைத் தனியாக அளக்கும் கைரோ இல்லை. 2009இல் வந்த மோஷன் பிளஸ் என்ற செருகும் துணைக்கருவி அதைச் சேர்த்தது, ஆனால் இந்த விளையாட்டு அதற்கு முந்தியது என்பதால் செருகினாலும் பயனில்லை.

ஆகவே முழங்கையைக் கதிரைக் கையிலோ தொடையிலோ ஊன்றுங்கள். முன்னங்கை அசையக்கூடாது, றிமோட் தன் நீள அச்சில் மட்டும் உருள வேண்டும். ஒற்றைக் கையால் 90 பாகை திருப்பும்போது மணிக்கட்டு எல்லைக்கு வந்து நடுங்கும், அந்த நடுக்கமும் சாய்வாகத்தான் வாசிக்கப்படும். வலக்கையால் வால் பக்கத்தையும் இடக்கை விரல்களால் முன்பக்கத்தையும் பிடித்து, உருட்டுக்கட்டையை உருட்டுவதுபோல விரல்களால் திருப்புங்கள்.

திருப்பும் வரிசை முக்கியம். எந்தச் சுவர் தரையாகப் போகிறதோ அந்தச் சுவரோடு போளையை முதலில் அணைத்து நிறுத்துங்கள். முழுக்க நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு 45 பாகை வரை மெதுவாகத் திருப்பி ஒரு கணம் நில்லுங்கள். அந்த நிலையில் தரையும் சுவரும் சேர்ந்து ஒரு பள்ளம் மாதிரி இருக்கும், போளை அதற்குள் கிடக்கும். இரண்டு பக்கமும் தாங்குவதால் ஆகவும் பாதுகாப்பான இடம் அதுதான். அங்கிருந்து மிச்ச 45. சுவரிலிருந்து தள்ளி நிற்கும்போதே திருப்பினால் அந்த இடைவெளி முழுவதும் போளை விழுந்து மோதித் துள்ளும். நீங்கள் சொல்லும் எட்டுத் தரமும் இதுவாகத்தான் இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். றிமோட்டின் மூக்கு நேரே மேலே அல்லது நேரே கீழே பார்க்கும் நிலையில், நீள அச்சைச் சுற்றிய உருளலை ஆர்முடுகல்மானியால் அறியவே முடியாது, ஏனென்றால் அந்த அச்சும் புவியீர்ப்பும் ஒரே கோட்டில் வந்துவிடும். முன்பின்னாகச் செங்குத்தாகத் திருப்பும் இடங்களில் இடம் வலம் திருத்த முயலாதீர்கள். திருத்துவதைத் திருப்ப முன்னரே முடித்துவிடுங்கள்.

கோள்பேஸ்_கரை:
பிறேக் பிடிக்கிறதைப் பற்றியும் சொல்லவேணும், கன பேர் பிழைவிடுறது அதிலதான். வழுக்காமல் உருளுற திண்மக் கோளத்துக்கு 5 பாகைச் சாய்வில ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 0.61 மீற்றர், 10 பாகையில 1.22. விளையாட்டுக்குள்ள எண்கள் வேற, ஆனா விகிதம் உதவும். எவ்வளவு தூரம் ஒரு சாய்வில ஓடவிட்டீங்களோ, அதே அளவு எதிர்ச் சாய்வில நிப்பாட்ட அவ்வளவு தூரம் வேணும். அதால நேர்ப் பாதையில பாதித் தூரத்திலயே எதிர்ப்பக்கம் சாய்க்கத் தொடங்குங்கோ. மூன்றில இரண்டு பங்கு ஓடவிட்டா எதிர்ச் சாய்வு இரண்டு மடங்கு வேணும், கை தடுமாறுறது அங்கதான். மூலைக்கு வந்த பிறகு பிறேக் பிடிக்கிறது பிந்தின வேலை.

வலப்பக்கம் உருளுறதுக்கு: றிமோட்டைச் சிலிக்கன் உறையில இருந்து எடுத்து, நீர்மட்டம் பார்த்த மேசையில பொத்தான் மேல பாக்க வையுங்கோ. கீழ இருக்கிற பி பொத்தானால முன்பின் கொஞ்சம் சரியலாம், இடம் வலத்தை மட்டும் பாருங்கோ. அப்பவும் வலப்பக்கம் போனா கருவியில பிழை. போகாட்டி உங்கட பிடி சரிஞ்சிருக்கு, பெருவிரல் ஏ பொத்தானை அமத்துற பழக்கத்தால வாற சரிவு அது. வீ மெனுவில இந்த மானியைத் திருத்த வழி இல்லை, அளவுகள் றிமோட்டின்ர நினைவகத்திலயே பதிஞ்சிருக்கு. இன்னொரு றிமோட்டை மாத்திப் பாக்கிறதுதான் சோதனை. போலி றிமோட்டுகளில இந்தக் குறை அடிக்கடி வரும், புறக்கோட்டையில மலிவா எடுக்கிற நேரம் கடையிலயே ஒரு சாய்வு விளையாட்டைப் போட்டுப் பாத்து எடுங்கோ.

கலப்பு_வயர்:
பிந்துவது றிமோட்டால் அல்ல, ரிவியால். அந்த மூன்று வயரில் இடைப்பின்னல் படம், அதாவது ஒன்றுவிட்டொரு வரியாக இரண்டு பாதியாய்ப் பிரிந்த படம் வருகிறது, எல்சிடி அதைப் பிரித்துச் சேர்த்துத் துலக்க நேரம் எடுக்கிறது. ரிவி மெனுவில் கேம் மோட் போடுங்கள். வீ அமைப்புகளில் திரைப் பகுதிக்குப் போய் 50 ஹேர்ட்ஸ் 576 என்றிருந்தால் 60 ஹேர்ட்ஸ் 480க்கு மாற்றுங்கள். ஐந்து பின் உள்ள கொம்போனன்ட் வயர் கிடைத்தால் 480பி தெரிவு செய்யலாம், எல்லா வரியும் ஒன்றாக வரும், படத்தைப் பிரித்துச் சேர்க்கும் வேலை அதில் இல்லை.

யப்பான் வீ வேண்டாம். அதன் அடப்டர் 100 வோல்ற்றுக்கு மட்டும். எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் போய்விடும். பிளக் மாற்றும் கட்டை வோல்ற்றளவைக் குறைக்காது. ஐக்கிய இராச்சிய அடப்டர் போட்டால் கரண்ட் பிரச்சினை தீரும், வெளியீடு அதே 12 வோல்ற் 3.7 அம்பியர். ஆனால் பிராந்தியப் பூட்டு இருக்கிறது: உங்கள் தட்டு அதில் ஓடாது, அதன் தட்டு உங்களுடையதில் ஓடாது. இரண்டாம் பாகத்தை ஐரோப்பாவில் வேறு பெயரில் விற்றார்கள், "மார்பிள்ஸ்! பலன்ஸ் சலெஞ்ச்" என்று தேடுங்கள். கொரோரின்பா 2 என்று தேடினால் கண்ணில் படாமல் போகலாம்.

வெள்ளவத்தை_வாசி:
மேசையில் வைத்தால் அசையாமல் நிற்குது. பிடிதான் சரிவு. இரண்டாம் பாகம் பலன்ஸ் போர்டிலும் (ஏறி நின்று உடலைச் சாய்த்து ஆடும் வீ துணைக்கருவி) ஆடலாம் என்கிறார்களே, அதில் இந்த நடுக்கம் வராதா?

நீர்மட்டம்:
கை நடுக்கம் வராது, உடல் ஆட்டம் வரும். போர்டு நான்கு மூலையிலும் பாரத்தை அளக்கிறது. சீமெந்துத் தரையிலோ தரையோட்டிலோ வையுங்கள். கம்பளத்தில் கால்கள் புதைந்து அளவு பிழைக்கும். நான்கு ஏஏ பற்றறி வேண்டும். 90 பாகைக் கட்டங்களை றிமோட்டிலேயே பழகிவிடுங்கள்.