ஹயஸ் டொல்பின் வானின் முன்பக்கச் சொக் அப்சோபர்களை மாற்றுவது பற்றி

கிரவல் வீதி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு ரொயோட்டா ஹயஸ் எல்எச் 113, அதாவது நாம் டொல்பின் என்று சொல்லும் வான். கிளிநொச்சியின் உள்வீதிகளில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது வேறு வான் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, இதையே பேணி வருகிறேன்.

அண்மைக் காலமாகப் பிறேக் பிடித்தால் மூக்கு கீழே குத்துகிறது. பள்ளத்தில் விழுந்து எழுந்தால் இரண்டு மூன்று தடவை ஆடிய பிறகே நிற்கிறது. இடது முன் சொக்கின் மேல் எண்ணெய் வழிந்து, புழுதி சேறாக ஒட்டியிருக்கிறது. முன் ரயர்கள் அலை அலையாகத் தேய்ந்திருப்பதும் கைக்குத் தெரிகிறது. இடது பக்கம் வலதைவிட இரண்டு விரல் தாழ்ந்தும் இருக்கிறது. ஒரு கராஜில் இடது சொக்கை மட்டும் மாற்றினால் உயரமும் சரியாகிவிடும் என்றார்கள். அது உண்மையா? இந்த வேலையை நானே வீட்டில் செய்ய முடியுமா?

பழைய ஸ்பானர்

தம்பி, உயரம் பற்றிச் சொல்லப்பட்டது சரியல்ல. வானின் பாரத்தைச் சொக் தாங்குவதில்லை. டொல்பினின் முன்பக்கத்தில் அந்தப் பாரத்தைத் தாங்குவது டோர்சன் பார் என்னும் நீண்ட முறுக்குக் கம்பி. அந்தக் கம்பி முறுகி விரியும்போது எழும் ஆட்டத்தை, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துவாரங்களினூடாகத் தள்ளி அடக்குவதே சொக்கின் வேலை. ஆகவே புதிய சொக் போட்டாலும் இடது பக்கம் தாழ்ந்தபடியேதான் இருக்கும். அதற்குச் சக்கரத்தைச் சேசியோடு இணைக்கும் ஆர்ம் என்னும் கரங்களின் ரப்பர் புஷ்களையும் பாரின் முறுக்கத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த அமைப்பினால் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. சுருள் ஸ்பிரிங்குக்குள் சொக் இருக்கும் கார்களில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியில்லாமல் கைவைத்தால் உயிராபத்து. உங்கள் வானிலோ சொக் தனியாக நிற்கிறது. பொறுமை இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு சக்கரம் உடனே அடங்கி மற்றது ஆடிக்கொண்டிருந்தால், திடீரெனப் பிறேக் பிடிக்கும் நேரத்தில் வான் ஒரு பக்கம் இழுக்கக்கூடும். பிள்ளைகளை ஏற்றும் வாகனத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

முதல் நாள் மாலையே மேல் நட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். மட்டமான தரையில் பின்சக்கரங்களுக்கு அடை வைத்து, வானின் அடிச்சட்டமான சேசிக்குக் கீழே இரும்பு ஸ்டாண்ட் கொடுத்த பின்னரே சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி, அல்லது சீமெந்துக் கல்லை அடுக்கி, வானுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். கல் எந்த எச்சரிக்கையும் தராமல் வெடிக்கும். கீழ் ஆர்முக்கு இன்னொரு ஜாக்கை முட்டுக் கொடுத்தால், அதைச் சற்று ஏற்றி இறக்கிப் போல்ட் துவாரத்தை இலகுவாக நேர்ப்படுத்தலாம்.

மேல் நட்டைத் திருப்பும்போது சொக்கின் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியை இன்னொரு ஸ்பானரால் பிடியுங்கள். பளபளப்பான பகுதியைக் குறட்டினால் பிடித்தால் அதில் விழும் கீறல், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை அரித்துவிடும். மேல் நட்டை, அங்குள்ள ரப்பர் இரும்பு வாஷரின் விளிம்பு வரை பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். கீழ் போல்ட்டின் கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தரையில் நின்று பாரம் வந்த பிறகு கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

பஞ்சிகாவத்தைப் பயணி

வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஜப்பானில் கழற்றி வந்த சொக்குகள் மலிவாகக் கிடைக்கும். இயந்திரப் பாகங்களையும் கதவுகளையும் நான் அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் சொக்கை வாங்க மாட்டேன். உள்ளே இருக்கும் ரப்பர் சீலின் வயதை வெளியே பூசிய கறுப்புப் பெயின்ட் மறைத்துவிடும். பழையதைக் கழற்றி எடுத்துச் சென்று, முழுதாக நீட்டிய நீளத்தையும் அமுக்கிய நீளத்தையும் புதியதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

எண்ணெய்ச் சொக் என்றால் பொருத்துவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுதாக இழுத்து அமுக்குங்கள். படுக்க வைத்திருந்தபோது புகுந்த காற்று வெளியேறும். வாயு அடைத்த காஸ் சொக் தானாகவே நீளும் என்பதால், அதை அமுக்கிக் கட்டியிருக்கும் பட்டியை, சொக்கை இடத்தில் வைத்த பிறகு வெட்டுவதே வசதி.

வன்னி மெக்கானிக்

அலைத் தேய்மானத்துக்குச் சொக் மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். சக்கரம் தரையிலிருந்து எழும்பியிருக்கும்போதே மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அசைவு இருந்தால், ஆர்மின் நுனியிலுள்ள உருண்டை மூட்டான போல் ஜொயிண்டோ, சக்கரம் சுழலும் வீல் பெயாரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புதிய சொக் போடுவது வீண் செலவு. டோர்சன் பாரைத் திருகுவதாயின் சரிப்படுத்தும் போல்ட்டில் பெயின்ட் அடையாளம் வைத்து, சுற்றுக்களை எண்ணித் திருகுங்கள். உயரம் மாறினால் சக்கரக் கோணமும் மாறும் என்பதால் அலைன்மென்ட், அதாவது அந்தக் கோணம், பார்க்காமல் ஓடக் கூடாது. ஹெட்லைட் ஒளி எங்கே விழுகிறது என்பதையும் சுவரில் பாருங்கள்.

கிரவல் வீதி

மூவருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் மாற்றினேன். வலதுபக்க மேல் நட் ஒன்றுக்கே ஒன்றரை மணித்தியாலம் போயிற்று. பழைய இடது சொக்கின் தண்டை ஒரு விரலால் அமுக்க முடிந்தது; அதை வைத்துக்கொண்டு இவ்வளவு நாளும் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறேன் என்பது வருத்தமாக இருக்கிறது. பழைய ஸ்பானர் ஐயா சொன்னபடியே உயரம் மாறவில்லை. சக்கரத்தில் அசைவு இல்லை, ஆனால் இடது கீழ் ஆர்மின் புஷ் பிளந்திருக்கிறது. அதை மாற்றிய பிறகே பாரைத் திருக எண்ணியிருக்கிறேன். இப்போது பள்ளத்தில் விழுந்தால் ஒரே அசைவோடு வான் நிற்கிறது; ஆனால் ரயரின் இரைச்சல் மட்டும் குறையவில்லை.

வன்னி மெக்கானிக்

தேய்ந்த அலை ரயரிலேயே இருப்பதால் இரைச்சல் உடனே போகாது. தரையில் படும் பக்கத்தில் இன்னும் போதிய பூ (வெட்டுக்களின் ஆழம்) இருந்தால் அந்த இரண்டு ரயர்களையும் பின்னுக்கு மாற்றுங்கள். புஷ் வேலையும் உயரமும் முடிந்த பிறகு அலைன்மென்டுக்குக் கொடுங்கள். இப்போதே கொடுத்தால் இரண்டு தடவை காசு போகும்.