பதின்ம வயதில் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் இங்கே எழுதுங்கள்

கல்லடியிலிருந்து:

2004 டிசம்பர் 26 சுனாமிக்குக் கொஞ்சம் முன்னால்தான் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை எழுதி முடித்திருந்தேன். நாவலடி வீடு, அம்மா, தங்கச்சி எல்லாம் அன்று காலையோடு சரி. முகாமுக்கு வந்தவர்கள் கலர் பென்சிலும் தாளும் தந்து, "மனதில் இருப்பதை வரை" என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. மீசை அரும்பிய எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமாதான் ஒரு இரவு, "வா மருமகன், வலை இழுக்க ஆள் இல்லை" என்று மட்டக்களப்பு வாவிக்கு இறால் பிடிக்கக் கூட்டிப் போனார். கடல் பக்கம் திரும்பவே முடியாத எனக்கு வாவித் தண்ணீர் பயமாக இல்லை. தோணியில் அம்மாவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. இறால் விலை, வலைக் கண், வலையில் கிழிசல், விடியும் வரை இதுதான் பேச்சு. அவருக்கும் அவள் கூடப்பிறந்த தங்கச்சி என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அப்புறம் நானே கேட்க ஆரம்பித்தேன், அம்மா சின்ன வயதில் எப்படி என்று.

மருதமுனையிலிருந்து:

வாப்பா மாரடைப்பில் மௌத்தானபோது நான் பத்தாம் வகுப்பு. உம்மா நாலு மாதம் பத்து நாள் இத்தா, கணவன் மௌத்தானால் வெளியே போகாமல் வீட்டில் இருக்கிற காலம். தம்பி சின்னவன். ஆக, வெளிவேலை முழுவதும் என் தலையில். கிராம சேவகர், பிரதேச செயலகம், வங்கி, கடைசியில் கைத்தறிக்கு வாப்பா நூல் கடன் வாங்கிய கடை. கடைக்காரர் கொப்பியைத் திருப்பி வாப்பாவின் கையெழுத்தைக் காட்டினார். வகுப்பில் வாயே திறக்காத நான், "மாதா மாதம் தாறோம், வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம்" என்றேன். வெளியே வந்த பிறகுதான் கால் நடுங்கியது.

"பொம்புளப் புள்ள இப்படி அலையலாமா" என்ற சொந்தக்காரர் ஒருவரும் எனக்குப் பதிலாக வரிசையில் நிற்க வரவில்லை, அது வேறு கதை.

அழ நேரமே கிடைக்கவில்லை. அழுகை வந்தது அடுத்த வருடம், பள்ளிக்கூடப் படிவம் ஒன்றில். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் பேனை நின்றுவிட்டது.

திருக்கோவிலிலிருந்து:

எனக்கு 17. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால் அண்ணா மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அம்மா என்னைச் சைக்கிளில்கூட விடுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "இனி நீதான் மூத்தவன்" என்கிறார்கள். அவன் ஊருக்கே பிடித்த கிரிக்கெட்காரன், நான் மூலையில் இருந்து புத்தகம் படிக்கிற ஆள். அவனாக என்னால் ஆக முடியாது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

மருதமுனையிலிருந்து:

இப்படியே சொல்லுங்க தம்பி, முதலில் அம்மாவிடம். "இனி நீதான் வாப்பா" என்று எனக்கும் சொன்னார்கள். உம்மாவிடம் சொன்னேன், அடுத்த முறை சொன்னவருக்கு அவவே பதில் கொடுத்தா. அப்புறம் ஒன்று, மரணச் சான்றிதழ் எடுக்கப் போனால் இரண்டு மூன்று பிரதி சேர்த்தே எடுங்க. எல்லா இடத்திலும் கேட்பாங்க.