மாவில்லாத மொறுமொறுப்பு: வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

கும்பகோணத்திலிருந்து:

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் இட்லியையும் சோற்றையும் குறைப்பதில் அவர் அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. மாலைக் காபியோடு கடிக்க ஒன்றுமில்லை என்பதுதான் அவருடைய பெரிய வருத்தம். முறுக்கு, தட்டை, ஓலைப்பக்கோடா எதை எடுத்தாலும் அரிசி மாவு, கடலை மாவு. வேறு மாவைத் தேடி அலைவதை விட, ஈரம் வற்றினாலே மொறுமொறுப்பாகிவிடும் பொருள்களைப் பிடித்துக்கொள்வது மேல் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் கைகொடுத்தவை வற்றல்கள். கொத்தவரங்காயை உப்புப் போட்டு அரை வேக்காடாக வேகவைத்து, வெயிலில் சலசலவென்று காயும்வரை உலர்த்தி, எண்ணெயில் போட்டவுடன் எடுத்துவிட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் கசந்துவிடும். பாகற்காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறி, நீரைப் பிழிந்து, ஒரு மதிய வெயிலில் வாடவிட்டால் போதும். கடைச் சிப்ஸுக்குப் பூசும் சோள மாவு இதற்குத் தேவையே இல்லை. மிதமான தீயில், சலசலப்பு அடங்கும்வரை பொறுமையாகப் பொரித்தால் கண்ணாடிபோல் உடைகிறது.

அடுத்தது பாதாம். தானியங்களை விலக்கும் பேலியோ உணவுமுறை தமிழ்நாட்டில் பரவியபோது பல வீடுகளில் பழகிய முறைதான்: இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, நெய்விட்டுச் சிறு தீயில் வறுப்பது. அடுப்பிலிருந்து இறக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். 100 கிராம் பாதாமில் மொத்த மாவுச்சத்து ஏறக்குறைய 22 கிராம். அதில் 12 கிராம் போல நார். முந்திரியில் 30 கிராம். நாரோ 3 கிராம்தான். பருப்பு வகைதானே என்று இரண்டையும் ஒன்றாக எண்ணி வறுத்து வைக்காதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

சகோதரி சைவத்தோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நெத்திலிக் கருவாட்டை விட எளிய நொறுக்குத்தீனி கிடையாது. மாவுச்சத்து என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. தலையைக் கிள்ளிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டால் மணலும் பாதி உப்பும் இறங்கும். நன்றாகப் பிழிந்து, துணியில் பரப்பி உலர்த்தியபின் தேங்காய் எண்ணெயில் சிறு தீயில் கிளறி வறுக்க வேண்டும். இறுதியில் கறிவேப்பிலையும் மிளகுத்தூளும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், மீனும் சவசவவென்று ஆகும். உணவகங்களில் கிடைக்கும் நெத்திலி வறுவலில் பெரும்பாலும் மைதாவோ சோள மாவோ சேர்ந்திருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டின் உப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

டொரன்டோவிலிருந்து:

இங்கே வற்றலுக்கு வெயில் இல்லை, ஓவன் இருக்கிறது. நான் அடிக்கடி செய்வது ஆளிவிதை அப்பளம். ஒரு கோப்பை ஆளிவிதையில் பாதியைப் பொடித்து, மீதியை முழுதாகவே சேர்த்து, அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் விடுகிறேன். விதையிலிருந்து வழவழப்பான பசை கசிந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. மாவு செய்யும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. எள், உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் ஓமம் சேர்த்து, வெண்ணெய்த் தாளில் மெல்லியதாகப் பரப்பி, கத்தியால் கோடு கிழித்து, 160 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் வரை வைக்கலாம். இடையில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். ஆளிவிதையின் மாவுச்சத்தில் பெரும்பகுதி நார்தான் என்பதால் கவலையின்றிச் சாப்பிடலாம். தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடியுங்கள்.

அவசரத்துக்குச் சீஸ் துண்டு. ஒரு சீஸ் ஸ்லைஸை நான்காக வெட்டி, வெண்ணெய்த் தாளில் இடைவெளி விட்டு அடுக்கி, மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம் அளவில் வைத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் நீர் ஆவியாகும்போது பால் புரதம் அதைப் பிடித்துவைத்து உப்புகிறது. ஆறியதும் அப்படியே இறுகி நொறுங்குகிறது. வாங்கும்போது மாவுப்பொருள் சேர்க்காத சீஸ்தானா என்று உறையைப் படித்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து:

சர்க்கரையோடு நெடுங்காலமாக வாழ்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கேழ்வரகு முறுக்கு, கம்புத் தட்டை, பொட்டுக்கடலை உருண்டை எல்லாவற்றையும் 'சர்க்கரைக்காரருக்கு ஏற்றது' என்று எழுதி விற்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே கோபம் தரும் விஷயம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. அரிசிக்கு அது அதிகம் பின்னால் இல்லை. கடலை மாவும் 58 கிராம் அளவில் நிற்கிறது. நார் கூடுதல், புரதம் கூடுதல், சரிதான். ஆனால் மாவுச்சத்து குறைந்தது என்று அதைச் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்; பலகாரம் அப்புறம் ஆகட்டும்.

கும்பகோணத்திலிருந்து:

மதுரை ஐயா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேழ்வரகு முறுக்குப் பேச்சு இத்தோடு முடிந்தது. பாதாம் மாவில் முறுக்கு பிழியலாமா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: எண்ணெயில் போட்டால் உதிர்ந்து சிவந்துவிடும். ஒரு கோப்பை மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் (மலச்சிக்கலுக்கு நீரில் கலந்து குடிக்கும் உமி), சிறிது வெண்ணெய், உப்பு, சீரகம் சேர்த்து வெந்நீரில் பிசைந்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து மெல்லியதாகத் தேய்த்து, டைமண்ட் பிஸ்கட் போல வெட்டி, ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் சிவக்கும்வரை வைத்தால் போதும். நன்றாக ஆறியபின்தான் டப்பாவில் போட வேண்டும். மழை நாளில் நமுத்துவிட்டால் அதே சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பிவிடும்.