செயலியை அப்புறம் பார்ப்போம் என்றவர்

நிரல் எழுதிப் பின்னர் முதலீட்டாளர்களாக மாறியவர்களோடு பழகிய அனுபவங்களை நண்பர்கள் எழுதி வருவதால், மதுரையில் எனக்கு வாய்த்த சந்திப்பையும் சொல்கிறேன். பெங்களூரில் பல ஆண்டுகள் மென்பொருள் எழுதி, தம் நிறுவனத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பிய அவர், இளைஞர்களின் புதுத்தொழில்களில் சிறு தொகைகளை முதலீடு செய்கிறார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் கமிஷன் கடைகளுக்காகச் செயலி எழுதியிருந்த என் அக்கா மகனையும் அவன் தோழர்களையும் அவரிடம் அழைத்துப் போயிருந்தேன்.

மடிக்கணினியைத் திறக்கவே அவர் விடவில்லை. "செயலியை அப்புறம் பார்ப்போம் தம்பி. விடியக்காலையில கடையில போய் உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டவர், மறுநாள் தாமே எங்களோடு வந்தார். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மல்லிகையைத் தராசில் கொட்டி, எடை பார்த்து, சீட்டு எழுதிக்கொண்டிருந்த கடைக்காரரின் விரல்கள் நனைந்தே இருந்தன. ஈரக் கைக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யவில்லை. முகூர்த்த நாள் என்பதால் விலை வேறு ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நெருக்கடியில் எட்டுக் கட்டங்களை நிரப்பி ஒரு பதிவை முடிக்க எவருக்கும் நேரமில்லை என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கியது. கடைக்காரர் உரக்கச் சொல்லும் எடையையும் விலையையும் குரலாகவே பதிந்துகொள்ளும் யோசனை அங்கேதான் பிறந்தது.

பிறகு டீக்கடையில் அவர், நிரலாளராக இருந்து முதலீட்டாளராக மாறிய அமெரிக்கர் பால் கிரகாமைப் பற்றி நெடுநேரம் பேசினார். 1995இல் ராபர்ட் மோரிஸுடன், இணையக் கடை அமைக்க உதவும் மென்பொருள் நிறுவனமான வயாவெப்பைத் தொடங்கிய கிரகாம், லிஸ்ப் மொழியில் நிரல் எழுதியதோடு நிற்காமல், தயங்கிய வணிகர்களுக்கு இணையக் கடைகளைத் தாமே அமைத்தும் கொடுத்தவர். 1998இல் யாஹூ அதை வாங்கியது. 2005இல் ஜெசிகா லிவிங்ஸ்டன் உள்ளிட்டோருடன் ஒய் காம்பினேட்டர் என்ற முதலீட்டு நிறுவனத்தை நிறுவி, பல குழுக்களை ஒரே நேரத்தில் சேர்த்துச் சிறு முதலீடும் ஆலோசனையும் தரும் முறையைக் கொண்டுவந்தார். 2009இல் அங்கே சேர்ந்த, தங்குவதற்கு வீடுகளை வாடகைக்கு எடுக்க உதவும் இணையதளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்களை, வீடு வாடகைக்கு விடுவோரை நேரில் பார்க்க நியூயார்க்குக்கே போகச் சொன்னவரும் அவர்தான். அவர்கள் போய் அந்த வீடுகளை நன்றாகப் படம் எடுத்துக் கொடுத்த பிறகு வருமானம் உயர்ந்தது.

வணிகர்களோடு உட்கார்ந்து பழகிய நிரலாளராக இருந்ததால்தான் கிரகாமால் அந்த ஆலோசனையைச் சொல்ல முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பணம் போடுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. இப்படி வழிகாட்டுகிறவர்கள்தான் குறைவு. கடைக்காரர்கள் குரல்பதிவை நாள்தோறும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே எங்கள் பிள்ளைகளுக்கு அவர் காசோலை கொடுத்தார். இன்றும் அழைத்தால், எந்தக் கடைக்காரர் என்ன குறை சொன்னார் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்.