கெனரால்லாய்ட்னன்ட், அப்டைலுங்: ஆங்கிலத்தில் எப்படிப் பெயர்ப்பது?

கேள்வி:
1943ஆம் ஆண்டின் வேர்மாக்ட் (நாஜி ஜெர்மனியின் ராணுவம்) டிவிஷன் ஒன்றின் போர்க் குறிப்பேட்டை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்து வருகிறேன். டிவிஷன் தளபதியின் பதவி கெனரால்லாய்ட்னன்ட். அதை லெப்டினன்ட் ஜெனரல் என்று எழுதினால், அமெரிக்க வாசகர் அவரை ஒரு படி உயர்வாக எண்ணிவிடுவாரோ என்று தயங்குகிறேன். அப்டைலுங் என்ற சொல்லும் ஓரிடத்தில் டாங்கிப் படையையும் இன்னோரிடத்தில் தலைமையகப் பிரிவையும் குறிக்கிறது. இவற்றுக்கு நூல் முழுவதும் ஒரே சொல்லை ஆளலாமா?

பதில் 1:
உங்கள் தயக்கம் நியாயமானது. வேர்மாக்டில் ஜெனரல் நிலைப் பதவிகள் கெனரால்மயோரில் தொடங்கின; அதற்குக் கீழே பிரிகேடியர் ஜெனரல் என்ற படி கிடையாது. ஆகவே அமெரிக்க வரிசையில் கெனரால்மயோர் பிரிகேடியர் ஜெனரலுக்கும், கெனரால்லாய்ட்னன்ட் மேஜர் ஜெனரலுக்கும் இணை. 1940இல் பிரான்சில் 7ஆம் பன்சர் (டாங்கி) டிவிஷனை நடத்திய ரோமெல் கெனரால்மயோர்தான். கெனரால்ஓபர்ஸ்ட் என்பதைக் கர்னல் ஜெனரல் என்று நேராகப் பெயர்த்தாலும் தீங்கில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளில் அப்படியொரு பதவியே இல்லாததால், வாசகர் அதை வேறொன்றாக மயங்க வழியில்லை. பழகிய ஆங்கிலச் சொல்லைப் போலவே தோன்றும் பதவிகளில்தான் பிழை நுழைகிறது. பதவிப் பெயர்களை ஜெர்மனிலேயே வைத்து, தொடக்கத்தில் ஓர் இணை அட்டவணை தருவதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டாம் உலகப் போர் பற்றிய அமெரிக்கத் தரைப்படை அதிகாரபூர்வ வரலாற்றின் பல தொகுதிகள் அப்படித்தான் செய்துள்ளன.

பதில் 2:
அப்டைலுங் விஷயத்தில் ஒரே சொல் பொருந்தாது. காலாட்படை பட்டாலியோன் என்று சொன்ன அளவுள்ள படையை, டாங்கி, பீரங்கி, வேவுப் படைகள் அப்டைலுங் என்றன. டைகர் டாங்கிகளைக் கொண்ட 503ஆம் கனரக அப்டைலுங் மூன்று கம்பெனிகள் அடங்கியது. அதைப் பட்டாலியன் என்றே எழுத வேண்டும். ஆனால் கிழக்குப் போர்முனையில் எதிரியின் பலத்தைக் கணித்த ஃப்ரெம்டெ ஹேரெ ஓஸ்ட், தரைப்படைத் தலைமை அலுவலகத்தின் ஓர் அப்டைலுங். அங்கே பட்டாலியன் என்று எழுதுவது பொருளையே கெடுத்துவிடும். எந்தப் படைப்பிரிவு பேசுகிறது என்பதை ஒவ்வோர் இடத்திலும் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பதில் 3:
அடிக்குறிப்புகளில் அதிகாரிகளின் பிற்கால வாழ்க்கையைச் சொல்வதானால் இன்னொரு கவனமும் தேவை. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி அமைத்த ராணுவமான பூண்டெஸ்வேர், கெனரால்மயோருக்குக் கீழே பிரிகாடெகெனரால் என்ற படியைச் சேர்த்ததால், அங்கே கெனரால்லாய்ட்னன்ட் உண்மையாகவே அமெரிக்க லெப்டினன்ட் ஜெனரலுக்கு இணையாகிறது. ஹான்ஸ் ஷ்பைடல் 1944இலும் அப்பதவியில் இருந்தார். 1955இல் புதிய படையில் சேர்ந்தபோதும் அதே பெயருள்ள பதவியைப் பெற்றார். ஆகவே அட்டவணையில் இரு படைகளுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள்.