செத்த சோர்சரர் அடி எப்படி விழும்? மேஜிக் (Magic: The Gathering) கார்டு கேம் ஆடுறவங்க சொல்லுங்க

பாம்பன்ல இருந்து எழுதுறேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில கிடக்கு, பயலுவ ஐஸ் கம்பெனித் திண்ணையில மேஜிக் கார்டை விரிச்சுட்டானுவ. கச்சான் காத்துக்குப் பறக்காம கார்டு மேல சங்கு.

நேத்து ஒருத்தன் ப்ராடிகல் சோர்சரர்ங்கிற மந்திரவாதி கார்டைச் சாய்ச்சு, அதாவது அதோட சக்தியைக் கிளப்பி, எதிராளி மிருகத்துக்கு 1 டேமேஜ்னான். உடனே மத்தவன் லைட்னிங் போல்ட்ங்கிற மின்னல் மந்திரக் கார்டைப் போட்டு சோர்சரரைக் கொன்னுட்டான். "ஆளே செத்துட்டான், அடி எங்கேருந்துண்ணே வரும்?"னு போல்ட் போட்டவன் கேட்டான்.

ஸ்டாக்ல, அதாவது நடக்கக் காத்திருக்கிற வரிசையில, ஏறுன அபிலிட்டி (கார்டோட சக்தி), கார்டு போனாலும் நிக்கும். கடைசியா ஏறுனது முதல்ல நடக்கும், அதான் போல்ட் முந்திக்கிச்சு. வலை வீசுனவன் தண்ணிக்குள்ள விழுந்தாலும் வலை விரியத்தானே செய்யும்னேன். ஒத்துக்கிட்டானுவ.

சிக்கல் வேற. சோர்சரர் கழுத்துல பாசிலிஸ்க் காலர்ங்கிற கழுத்துப்பட்டி கார்டு கிடந்துச்சு. டெத்டச் (1 டேமேஜ் பட்டாலே மிருகம் சாவும்), லைஃப்லிங்க் (குடுத்த டேமேஜ் அளவுக்கு நமக்கு உயிர் ஏறும்) ரெண்டும் குடுக்குமே அது. அந்த 1 டேமேஜ்லயும் டெத்டச் உண்டா? களத்துல கடைசியா எப்படி இருந்துச்சோ அதுதான் கணக்குன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். மிருகம் செத்தவன் ரூல் நம்பரைக் காட்டுனாத்தான் பந்தயப் பரோட்டாவுக்குக் காசுங்கிறான். எனக்கு இங்கிலீஷ் ரூல் புக்கு அஞ்சு பக்கத்துக்கு மேல ஓடாது.

அந்த நம்பரை யாராச்சும் போடுங்கப்பா. சாயங்காலம் மறுபடி உக்காருவானுவ.